சிவப்பு வந்தால்

"உங்கட அண்ணன்தான். வேற ஆர்?"

"அக்கா, அவர் கனடாவில..."

"கனடாவில இருந்தால் கை எட்டாதோ? பேரைப் பாரும் நிருஷன், பேரை!"

"பேரைப் பார்த்தன். அவர் இஞ்சயிருந்து போய் நாலு மாசம். அங்க வேலைக்குப் போற மனிசன் எங்கட கேற்றில வந்து நிண்டு..."

"அதைத்தானே நானும் கேக்கிறன்! என்னத்துக்கு வந்து நிக்கிறார்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தி ஓய்ந்து, ஒரே நேரத்தில் சுவரைப் பார்த்தார்கள். சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சியில் திருத்தங்களின் வரிசை தெரிந்தது. முன்னால் நிருஷனின் அண்ணன் பிரசாந்தனின் திருத்தம். அதற்குப் பின்னால் தேனுகாவின் திருத்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்னது சிவப்பானது. பாதி வழி வந்திருந்த பின்னது நின்று, பூச்சியத்திலிருந்து திரும்பத் தொடங்கியது.

"சிவப்பு!" என்று கத்தினாள் தேனுகா. "திரும்பவும் சிவப்பு!"

பால் விடாத பிளேன்ரீத் தட்டோடு வாசலில் நின்ற பேச்சியம்மா, தட்டை மேசையில் வைத்துவிட்டு விறுவிறென்று பின் அறைக்குப் போய்விட்டார். இந்தப் பிள்ளை கத்தத் தொடங்கினால் யார்தான் பக்கத்தில் நிற்பார்கள்?

கிளிநொச்சியில் ஒரு ஹாட்வெயார் கடையின் மேல்மாடியில் இருந்தது அந்த ஒபிஸ். தேனுகா, நிருஷன், அவர்களுக்கு மேலே சிற்றம்பலம். சிற்றம்பலம் நீர்ப்பாசனத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். நாலாவதாகக் கூட்டித் துடைத்துத் தேநீர் ஊற்றும் பேச்சியம்மா. எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் என்று வயல் செய்யும் கமக்காரரின் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் மென்பொருள்தான் இவர்கள் தொழில்.

அதில் ஒரு முற்றுப்புள்ளியை மாற்றுவதானாலும் கேற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். கேற் என்பது இன்னொரு மென்பொருள். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் கூடி எழுதி, விரும்பினவர் எடுத்துப் பாவிக்கட்டும் என்று சும்மா விட்டிருந்தார்கள். திருத்தங்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் சோதினை வைத்து, தேறினதை மட்டும் உள்ளே விடும்; தவறினது சிவப்பாகும். பின்னால் நிற்பது, முன்னால் நிற்பது எப்படியும் தேறிவிடும் என்ற நம்பிக்கையில் தன் சோதினையை எழுதிக்கொண்டிருக்கும். முன்னது தவறினால் பின்னது எழுதினதெல்லாம் வீண். முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தேனுகாவின் திருத்தத்துக்கு இருபத்தைந்து நிமிடம் தேவை. பிரசாந்தனின் திருத்தம் எட்டாவது நிமிடத்தில் தவறியது. தவறினது போய்த் தொலைந்ததா? இல்லை. ஐந்து நிமிடத்துக்குள் திரும்பி வந்தது. வந்தது கடைசியில் போய் நின்றதா? அதுவும் இல்லை. தன் பழைய இடத்தில், எல்லாருக்கும் முன்னால் வந்து நின்றது.

"வந்திட்டுது," என்றான் நிருஷன், சுவரைப் பார்த்து.

"வரும். ஏன் வராது? மூத்த மருமகன் மாதிரி வந்து முன் கதிரையில இருக்கும்." தேனுகா தலையில் கை வைத்தாள். "தலைப்பைப் பாரும். 'சும்மா பாக்கிறன்.' ஒரு திருத்தத்துக்கு வைக்கிற தலைப்பே இது? எழுதின ஆளின்ர தலைக்குள்ள என்ன கிடக்கெண்டு தலைப்பிலயே தெரியுது."

"அண்ணா அப்பிடித் தலைப்பு வைக்கிற ஆளில்லை."

"ஆளைப் பற்றிக் கதையாதையும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொடங்கின கூத்து இது. என்ர லப்ரொப்பைத் திருத்தக் குடுத்திட்டு, பின் அறைப் பழைய கொம்பியூற்றரோட நான் மாரடிச்ச அண்டைக்கு. அண்டையிலயிருந்து பகலில ஒண்டும் உள்ள போகேல்லை. பின்னேரமானால் எல்லாம் சரி. விடிஞ்சு நாங்கள் ஒபிசுக்கு வரத் திரும்பத் தொடங்குது. விளங்குதோ?"

"என்ன விளங்க?"

"எங்களுக்குப் பகல் எண்டால் கனடாவில இரவு. வேலை முடிஞ்சு வந்து, சாப்பிட்டு, படுக்கையில இருந்து லப்ரொப்பைத் திறக்கிறார். விடிய மூடுறார். இதுக்குத் துப்பறியவும் வேணுமே?"

நிருஷன் விரல்விட்டு மணியை எண்ணிப் பார்த்தான். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

மற்ற நாளென்றால் தேனுகாவும் பின்னேரம் வரை பொறுத்திருப்பாள். இன்றைக்குப் பொறுக்க முடியாது. காலையில் ஸ்கந்தபுரத்திலிருந்து அப்பா வீரகத்தி தொலைபேசி எடுத்திருந்தார். அவர்தான் அங்கே கமக்கார அமைப்பின் தலைவர்.

"பிள்ளை, உங்கட பட்டியலில இடதுகரை வாய்க்காலுக்கு நாளைக்குக் காலமை ஆறு மணி எண்டு கிடக்கு."

"ஓமப்பா."

"வலதுகரை வாய்க்காலுக்கும் நாளைக்குக் காலமை ஆறு மணி எண்டு கிடக்கு."

தேனுகா பட்டியலைத் திறந்தாள்.

"குளம் ஒண்டுதானே பிள்ளை? இந்தச் சிறுபோகத்தில ஒரு வாய்க்காலுக்கே தண்ணி மட்டுமட்டு. போன வருசம் அரை மணித்தியாலம் பிந்தினதுக்கு ஒருத்தற்ற மண்டையில ஆறு தையல். அதுக்குப் பிறகு இரண்டு பகுதியையும் கூப்பிட்டு, 'இனிச் சண்டை வேண்டாம், என்ர பிள்ளை செய்த செய்தி வரும், அது பிழைக்காது' எண்டு கோயில் முன்னால வைச்சுச் சொன்ன ஆள் நான்."

புதன்கிழமை பின்னேரம், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில், தேனுகா ஒரு வரியைப் பிரதி எடுத்து ஒட்டியிருந்தாள். அதில் ஒரு சொல்லை மாற்ற மறந்துவிட்டாள். கேற் அதை அழகாக உள்ளே விட்டிருந்தது. பிழையை மாலை போட்டு வரவேற்ற கேற், திருத்தத்தை வாசலில் நிறுத்தி வைத்திருந்தது. பின்னேரம் நாலு மணிக்கு முந்நூற்று நாற்பது பேருக்கும் செய்தி தானாகப் போகும்.

"அனுப்புறதை நிப்பாட்டினால் என்ன?" என்று கேட்டான் நிருஷன்.

"நிப்பாட்டுறதும் ஒரு திருத்தம்தானே. அதுவும் உந்தக் கேற்றுக்குள்ளாலதான் போகோணும்."

"கேற்றைத் தாண்டி விடேலாதோ?"

"அந்தத் திறப்பு ஆரிட்டை?"

கேற்றை இங்கே நிறுவியவர் பிரசாந்தன். அதன் பூட்டைத் திறக்கும் திறப்பும் அவரிடம்தான். கனடாவுக்குப் போகும்போது அதைத் தருகிறேன் என்றவருக்கு, "எனக்கு வேண்டாம் தம்பி, நான் துலைச்சுப்போடுவன்," என்று சொல்லியிருந்தார் சிற்றம்பலம்.

அவர் இப்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தன் அறையிலிருந்து வந்தார். "என்ன சத்தம் பிள்ளை?"

"சேர், தவறினவர் திரும்பி வந்தால் முன்னால நிக்கலாம் எண்ட விதி ஆர் போட்டது?"

"நான்தான் போடுவிச்சனான். முறை எண்டால் முறைதான். முறைகாரன் சோறு தின்னப் போனாலும் முறை அவன்ர. திரும்பி வந்து தன்ர இடத்தில நிப்பான். குளத்துத் துருசுக் கதவைத் திறக்கிறதிலயும் பூட்டுறதிலயும் முப்பது வருசம் நிண்ட ஆள் நான்."

"இது தண்ணி இல்லை சேர்."

"வரிசை வரிசைதானே?"

"இதைச் செய்தவை, தவறினவர் பின்னால போய் நிக்கோணும் எண்டுதான் செய்தவை. நீங்கள்தான் அதை மாத்துவிச்சனீங்கள்."

"ஆரும் மாத்தலாம் எண்டுதானே சும்மா தந்தவை? அப்பிடித் தந்ததை மாத்தாமல் வைச்சிருக்கிறது மரியாதையில்லை பிள்ளை."

"இப்ப ஆரிட்டைப் போய் முறையிடுறது? வித்த கடைக்காரன் எண்டும் ஒருத்தன் இல்லை."

பேச்சியம்மா திரும்பி வந்து தேநீர்க் கோப்பைகளை எடுத்து வைத்தார். சீனிப் போத்தலைத் திறந்தார். தேனுகா சுவரைப் பார்த்தபடியே இருந்தாள். கரண்டி போனது, வந்தது, போனது, வந்தது. வாயில் வைத்த தேனுகா துள்ளி எழுந்தாள்.

"பேச்சியம்மா! எத்தினை கரண்டி போட்டனீங்கள்?"

"ஏழு."

"ஏழோ? என்ன, பாணியே காய்ச்சுறியள்?"

"நீங்கள் போதும் எண்டு சொல்லேல்லையே பிள்ளை."

"அவாவைப் பேசாதேயும்," என்றார் சிற்றம்பலம். "இந்த ஒபிசில சொன்ன வேலையைச் சொன்னபடி செய்யிற ஒரே ஆள் அவாதான்."

"ஐயோ, திரும்பச் சிவப்பு!" என்றாள் தேனுகா.

பேச்சியம்மா சீனிப் போத்தலை மூடாமலே போய்விட்டார்.

பத்து மணிக்குத் தேனுகா கனடாவுக்கு எடுத்தாள். ஒலிபெருக்கியைப் போட்டு, தொலைபேசியை மேசை நடுவில் வைத்தாள். நெடுநேரம் அடித்தது.

"ஹலோ... ஆர்?"

"நடியாதேங்கோ அண்ணா. நித்திரைக் குரலில கதைச்சால் நம்பிடுவமோ?"

"தேனுகாவே? இஞ்ச பன்னிரண்டரை..."

"தெரியும். முழிச்சிருக்கிற நேரம். உங்கட திருத்தத்தைத் தயவுசெய்து வெளியில எடுங்கோ."

"என்ன திருத்தம்? நான் கொம்பியூற்றரைத் தொட்டு மூண்டு நாள். இஞ்ச நான் பாக்கிறது பெட்டி அடுக்கிற வேலை."

"பெட்டி அடுக்கிறவருக்கு எங்கட திருத்தங்களையும் அடுக்கிப் பாக்க ஆசையாக்கும்."

"நிருஷன், நிக்கிறியே அங்க? என்னடா கதைக்கிறா இவா?"

"அண்ணா," என்றான் நிருஷன் தாழ்ந்த குரலில், "நீங்களெண்டால் சொல்லுங்கோ. இவ்வளவும் உங்கட பேரிலதான் வருது."

"என்ர பேரிலயோ?" அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது. "அப்ப ஆரோ என்ர பேருக்குள்ள பூந்திட்டினம்! பொறுங்கோ, பாஸ்வேட்டை மாத்திப்போட்டு, திறப்பை வைச்சு அதை நானே தூக்கிறன்."

தேனுகாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "இப்ப பாரும், தானே தூக்குவார். பிடிபட்டால் எல்லாரும் இப்பிடித்தான்."

பத்து நிமிடத்தில் அவரே எடுத்தார். குரல் இப்போது நன்றாக விழித்திருந்தது.

"தேனுகா... நித்திரைக் கண்ணோட மூண்டு தரம் பிழையா அடிச்சுப்போட்டன். என்னைப் பூட்டிப்போட்டுது. நாளைக்கு இதே நேரம்தான் திறக்குமாம்."

"அப்ப உங்கட பேரில உள்ளுக்க நிக்கிறவர்?"

"அவரை அது ஒண்டும் செய்யாது. உள்ளுக்க நிக்கிறவர் நிப்பார். வெளியில நிக்கிற எனக்குத்தான் பூட்டு."

தேனுகா தொலைபேசியை அணைத்துவிட்டு நிருஷனைப் பார்த்தாள். "உங்கட குடும்பத்தில எல்லாரும் இப்பிடியோ?"

"நீங்கள் நடுச்சாமத்தில எழுப்பாமல் விட்டிருந்தால் திறப்பாவது மிஞ்சியிருக்கும்."

"ஓ, இப்ப பிழை என்னிலயோ?"

"பட்டியலில பிழை விட்டது ஆர்?"

"சண்டை பிடியாதேங்கோ, சண்டை பிடியாதேங்கோ," என்றார் சிற்றம்பலம். "விதிதானே கரைச்சல்? விதியையே மாத்துவம். நான் போட்டதை நானே எடுக்கிறன். எனக்கொண்டும் வறட்டுக் கௌரவம் இல்லை."

"அதுவும் ஒரு திருத்தம் சேர். அதுவும் வரிசையில..."

"நிக்கட்டும். நிக்கிறதில என்ன நட்டம்?"

நட்டம் என்னவென்று அரைமணி நேரத்தில் தெரிந்தது. கேற்றின் விதியையே மாற்றும் திருத்தம் என்பதால் உள்ள சோதினை எல்லாவற்றையும் அது எழுதத் தொடங்கியது. சோதினை நடத்தக் கிடந்தது இரண்டே இரண்டு இயந்திரம். அதிலும் ஒன்று அரை உயிர். இருபத்தைந்து நிமிடத்தில் முடிய வேண்டிய தேனுகாவின் திருத்தத்துக்கு இப்போது ஐம்பது நிமிடம் காட்டியது.

"சேர்! உங்கடதை எடுங்கோ!"

"எடுக்கிறன். எங்க அமத்திறது?"

"அந்தப் பெருக்கல் குறி."

சிற்றம்பலம் அமத்தினார். சுவரில் அவருடைய திருத்தம் இரண்டாக நின்றது.

"பெருக்கலைத்தானே அமத்தினனான்," என்றார் அவர்.

"சேர், தயவுசெய்து கையை எடுங்கோ. இருந்தது இருக்கட்டும். இனி ஒண்டையும் தொடாதேங்கோ."

"சிவப்பு அக்கா," என்றான் நிருஷன்.

"கண் தெரியும் எனக்கு! சிவப்பு, சிவப்பு, சிவப்பு! இந்த ஒபிசில வேற நிறமே இல்லையோ?"

பின் அறையில் ஏதோ கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

மத்தியானம் ஒருவரும் கீழே சாப்பிடப் போகவில்லை. பேச்சியம்மாவும் தன் சோற்றுப் பெட்டியைப் பின் அறையிலேயே வைத்துச் சாப்பிட்டார். ஒரு மணிக்குத் தேனுகா தோல்வியை ஒப்புக்கொண்டு அப்பாவுக்கு எடுத்தாள்.

"அப்பா, நாலு மணிக்குப் பிழையான செய்திதான் வரும் போல கிடக்கு. ஆக்களிட்டை மெதுவாச் சொல்லி வையுங்கோ."

"மெதுவா எண்டால்?"

"பதட்டப்படாமல். வாற செய்தியை நம்ப வேண்டாம் எண்டு மட்டும்."

"நான் பாத்துக்கொள்ளுறன் பிள்ளை. நீ உன்ர வேலையைப் பார்."

வீரகத்தி பாத்துக்கொண்டார். முந்நூற்று நாற்பது வீடு ஏறி இறங்கக் காலில் வலுவில்லாத மனிதர், நேரே பிள்ளையார் கோயிலுக்குப் போய் ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டார். "பின்னேரம் நாலு மணிக்கு வாற செய்தியை ஒருத்தரும் நம்ப வேண்டாம்! ஒருத்தரும் நம்ப வேண்டாம்!" மூன்று தரம் சொன்னார். நாலாவது தரம் சொல்லுமுன் இடதுகரைக்காரர் மோட்டார் சைக்கிளை எடுத்துவிட்டார்கள். எங்களுக்குத் தருகிற தண்ணீரைத் தரமாட்டோம் என்றுதானே இதற்கு அர்த்தம்? இடதுகரைக்காரர் புறப்பட்டதைக் கண்ட வலதுகரைக்காரர் சும்மா இருப்பார்களா?

இரண்டரை மணிக்கு ஹாட்வெயார் கடை வாசலில் இருபது மோட்டார் சைக்கிள் நின்றது. பாதிக்கு மேல் மண்வெட்டி கட்டியிருந்தது. கடை முதலாளி, யாவாரம் வந்துவிட்டது என்று எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

"மண்வெட்டியைக் கீழ வைச்சிட்டு வாங்கோ!" என்று மேலிருந்து கத்தினார் சிற்றம்பலம். "மேல ரைல்ஸ் போட்டிருக்கு!"

படியேறி வந்தவர்களுக்கு நடுவில் வீரகத்தி தலையைக் குனிந்துகொண்டு வந்தார். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிழைக்காது எண்டீங்களே தலைவர்?" என்றார் இடதுகரைக்காரர் ஒருவர். "உங்கட மகள் செய்தது பிழைக்காது எண்டீங்களே?"

"அவையின்ர வயலும் வலதுகரையிலதானே கிடக்கு," என்றார் இன்னொருவர். "எல்லாம் தெரிஞ்சுதான் செய்யினம்."

"இஞ்ச, வார்த்தையை அளந்து கதையும்!" என்றார் வலதுகரைக்காரர்.

"அளக்கிற வேலை உங்கடதானே? தண்ணியையே அளந்து தாறியள்!"

வீரகத்தி வாயைத் திறந்தார், மூடினார். ஊரில் அவருக்குத் தெரியாத வாய்ச்சண்டை இல்லை. இன்றைக்கு ஒன்றும் வரவில்லை. அந்த மூடின வாயைப் பார்த்துத்தான் தேனுகாவுக்கு முதல்முறையாக அழுகை வந்தது. அழ நேரமில்லை. சுவரில் பிரசாந்தனின் திருத்தம் தவறி வெளியே போய்க்கொண்டிருந்தது.

"சிவப்பு!" என்றாள், குரல் உடைந்து.

பேச்சியம்மா ஆட்களை விலக்கிக்கொண்டு பின் அறைக்கு ஓடினார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

தொலைக்காட்சி இருண்டது. மின்விசிறி மெல்ல நின்றது. இருபது பேரும் ஒன்றாக, "சரி, முடிஞ்சுது," என்றார்கள்.

"ஒண்டும் முடியேல்லை," என்றான் நிருஷன். "கேற் இஞ்ச இல்லை. அது கடல் கடந்து எங்கயோ ஓடுது. என்ர போனில பாக்கலாம்." அவனுடைய தொலைபேசியில் பதினொரு வீதம் சார்ஜ் இருந்தது. அதை ஒரு சாமிப்படம் போலப் பிடித்துக்கொண்டான். எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"என்ன காட்டுது?"

"அக்காவின்ர ஓடுது. முன்னால ஒண்டும் இல்லை."

"வரும்," என்றாள் தேனுகா. "ஐஞ்சு நிமிசத்தில வரும். பாருங்கோ."

ஐந்து நிமிடம் போனது. பேச்சியம்மா பின் அறையிலிருந்து வந்து, செய்ய வேலையற்றுப்போன ஆள்போல் வாசலில் ஒரு ஸ்ரூலில் உட்கார்ந்தார். பத்து நிமிடம் போனது.

"வரேல்லை," என்றான் நிருஷன்.

"பேசாதையும். கண் பட்டிடும்."

இருபது நிமிடம். முப்பது. இடதுகரைக்காரர் ஒருவர், "தம்பி, இந்தப் பச்சைக்கோடு எங்கட வாய்க்காலோ?" என்று கேட்டார். அவர் அதையே வாய்க்காலாக எண்ணி மூச்சுப் பிடித்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினார். நாற்பது. சார்ஜ் நாலு வீதம்.

மூன்றே நாற்பத்தாறுக்குக் கோடு கடைசி வரை போய் முட்டியது.

"உள்ள போயிட்டுது!" என்று நிருஷன் கத்தினான். தொலைபேசி அவன் கையிலேயே செத்தது.

நாலு மணிக்கு இருபது சட்டைப் பைகளும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன. இடதுகரைக்கு சனிக்கிழமை காலை ஆறு. வலதுகரைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு. எல்லாரும் வாசித்தார்கள். வாசித்துவிட்டு வீரகத்தியைப் பார்த்தார்கள்.

"தலைவர், இதை நம்புறதோ, விடுறதோ? நீங்கள்தானே நம்ப வேண்டாம் எண்டீங்கள்?"

வீரகத்தி மகளைப் பார்த்தார்.

"நம்புங்கோ," என்றாள் தேனுகா. "இது சரி."

அவர் நிமிர்ந்தார். மத்தியானத்திலிருந்து குனிந்திருந்த கழுத்து. "கேட்டியளே? சரியாம். நான் அப்பவும் சொன்னனான், இப்பவும் சொல்லுறன், என்ர பிள்ளை செய்தது பிழைக்காது."

"அப்ப இவ்வளவு கூத்துக்கும் காரணம் ஆர் தங்கச்சி?" என்றார் சற்று முன் வயல் கதை கதைத்தவர். "அதைச் சொல்லுங்கோ முதல்ல."

நிருஷன் முன்னால் வந்தான். கையைக் கட்டிக்கொண்டான். "ஐயாமார், அது என்ர அண்ணன். இவ்வளவு நேரமும் அவருக்காக வாதாடினனான். இப்ப அங்க விடிஞ்சிட்டுது, படுத்திட்டார், கேற்றும் சரியா வந்திட்டுது. இதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல? அவருக்காக நான் மன்னிப்புக் கேக்கிறன்."

"நீர் ஏன் கேக்கோணும்?" தேனுகாவுக்குக் காலையிலிருந்து அடக்கினதெல்லாம் தொண்டைக்கு வந்தது. கதிரையில் ஏறாத குறை. "செய்தவர் கேக்கட்டும்! முந்நூற்று நாற்பது குடும்பத்தின்ர தண்ணியோட விளையாடின ஆள், ஆரெண்டாலும் சரி, ஸ்கந்தபுரம் பிள்ளையார் கோயிலுக்கு வந்து, அதே ஒலிபெருக்கியில, தன்ர வாயால, மூண்டு தரம் மன்னிப்புக் கேக்கோணும். சேர், இதைக் கடிதமா அடிச்சுக் கனடாவுக்கு அனுப்புங்கோ. அப்பா, நீங்கள் சாட்சி."

"கட்டாயம்," என்றார் வீரகத்தி. "கேக்காமல் விடமாட்டன்."

"ஓம், ஓம், விடக்கூடாது," என்றார்கள் இரண்டு கரைக்காரரும். போன வருடத்துக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன முதல் விசயம் அது.

கரண்ட் வந்தது. மின்விசிறி சுழன்றது. சுவரில் தொலைக்காட்சி விழித்துக்கொண்டது. பேச்சியம்மா ஸ்ரூலிலிருந்து எழுந்தார். பின் அறைப் பக்கம் இரண்டு அடி வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, நின்று திரும்பினார்.

"பிள்ளை, செவ்வாய்க்கிழமை பிரசாந்தன் தம்பியின்ர பேரில திறக்கிற பழைய கொம்பியூற்றரில நீங்கள் என்னவோ செய்துபோட்டு, சாப்பிடப் போகேக்க என்னைக் கூப்பிட்டு, 'சிவப்பு வந்தால் இந்தப் பொத்தானை ஒருக்கா அமத்துங்கோ பேச்சியம்மா, நான் போதும் எண்டு சொல்லுமட்டும் விடாதேங்கோ' எண்டனீங்கள், இண்டைக்குக் கரண்ட் போனதால கடைசிச் சிவப்பை மட்டும் தவறவிட்டிட்டன், அதை இப்ப போய் அமத்தட்டோ?"